கேப்டன்களுக்குப் போன காப்பி

எங்க அண்ணி ஞானசுந்தரிக்கு வாய் கொஞ்சம் நீளமுங்க. மனசு தங்கம், அதுல ஒரு குறையும் இல்லை. எஸ்டேட்டுல காப்பிக்கொட்டை பொறுக்கற வேலை. சாயங்காலமானா ஊட்டுல தானே கொட்டை வறுத்து, இடிச்சுத் தூள் பண்ணுவாங்க. ஒருநாள் அந்தத் தூளை பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஆறுமுகத்துக்கிட்ட கொண்டுபோனாங்க. அவரு மோந்து பாத்துட்டு, "இது உங்க ஊட்டோட சரிங்கக்கா, கடைக்கு ஆகாதுங்க"ன்னுட்டாரு. அண்ணிக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை.

என் அண்ணன் சிங்கராயர் போர்க்கப்பல்ல சமையக்காரரு. தொண்ணூறுகள் ஆரம்பத்துல லீவுக்கு வந்தப்ப ஒரு சேதி சொன்னாரு. அம்பது வருசத்துக்கு முன்னாடி சீமைக்கடல்ல பெரிய சண்டை ஒண்ணு நடந்துச்சாம். அதை நெனைச்சு, பல நாட்டுப் போர்க்கப்பலுங்க ஒரே துறைமுகத்துல கூடுதாம். அன்னைக்கு ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டவங்க, இன்னைக்கு ஒருத்தர் கப்பலுக்கு ஒருத்தர் விருந்துக்குப் போவாங்களாம்.

"நம்ம கப்பலுக்கு வர்ற கேப்டனுங்களுக்குக் காப்பி போடப்போறது நான்தான்"னாரு.

அவ்வளவுதான்! அடேங்கப்பா, எங்க ஊரு ஏற்காடு முழுக்க அண்ணியோட தண்டோராதான். "என் காப்பியப் பல நாட்டு கேப்டனுங்க குடிக்கப் போறாங்க தம்பி, அப்பறம் பேசுங்க"ன்னு ஆறுமுகத்துக்கிட்டயே போய்ச் சொல்லிட்டு வந்தாங்க.

பாத்துப் பாத்து வறுத்துக் கட்டிக் குடுத்தாங்க. அண்ணன் சேலம் பஸ் ஏறிப் போனப்பறம்தான், "சளிக்குன்னு மொளகு எடுத்து வெச்சிருந்தீங்களே, அதைக் குடுத்தீங்களா அண்ணி?"ன்னு கேட்டேன்.

"காப்பித்தூள் பையிலயே..."ன்னாங்க. அப்படியே தலையில கையை வெச்சு உக்காந்துட்டாங்க. "ஐயோ, சேசுவே!"

பக்கத்துல எது இருந்தாலும் காப்பி அந்த வாசத்தை இழுத்துக்கும். காலமெல்லாம் கொட்டை பொறுக்கறவங்களுக்கு அது தெரியாதா? புருசன் சளி முன்னால வந்துருச்சு, புத்தி பின்னால போயிருச்சு.

நடுக்கடல்ல இருக்கறவரை எங்கன்னு போய்த் தடுக்கறது? கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்துனாங்க. ஆறுமுகம் மூஞ்சியில முழிக்கப் பயந்து, ஏரியைச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போனாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

கப்பல் பம்பாய் திரும்புனதும் அண்ணன் போன் பண்ணுனாரு. எங்களுக்கு வர்ற போனும் ஆறுமுகம் கடைக்குத்தான் வரும், என்ன பண்றது? நானும் கூடப் போனேன். அண்ணன் கத்திப் பேசுனது எனக்கே கேட்டுச்சு.

"கேப்டனுங்களுக்கு அதைக் குடுக்கலை ஞானம்."

"மொளகு அடிச்சுதுங்களா?"

"நொம்ப அடிச்சுது. தொறந்ததும் நம்ம அடுப்படியே முன்னால வந்து நின்னாப்புல இருந்துச்சு. அவங்களுக்குக் கப்பல் காப்பியே போதும்னு விட்டுட்டேன். சுத்தியும் அத்தனை கப்பல், அத்தனை கொடி... எனக்கு உங்க நெனப்புதான். தெனமும் நானே போட்டுக் குடிச்சேன். தீந்துபோச்சு. இன்னும் வறுத்து வை, மொளகு கூடவே வை."

அண்ணி போனை வெச்சாங்க. கண்ணு நெறஞ்சு நின்னுச்சு. ஆறுமுகம் டீ ஆத்தறதை நிறுத்திட்டு, "ஏனுங்கக்கா, கேப்டனுங்க என்ன சொன்னாங்களாம்?"னு கேட்டாரு.

நல்லாருக்குன்னாங்கன்னு ஒரு பொய் சொன்னா யாருக்குத் தெரியப்போகுது? இவங்க சொல்லிப்புடுவாங்கன்னுதான் நான் நெனைச்சேன்.

"ஒரு கேப்டன் வாயிலயும் படலை தம்பி. நீங்க சொன்னதுதான் சரி"ன்னாங்க அண்ணி, தலையை நிமித்திக்கிட்டு. "அது எங்க ஊட்டோட சரி!"