ஏதென்ஸ் போவதற்கு முன்

எழுபதுகளில் டொரோண்டோவில் இருந்தோம். விடுமுறைக்கு ஏதென்ஸ் போவதாகத் திட்டம். அங்கே எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று கேட்க, நானும் கணவரும் ஒரு கிரேக்க உணவகத்துக்குப் போனோம். கடைக்கார அம்மாள் ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே நான்கு இளைஞர்கள் என் புடவையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரம்தான் சுரங்க ரயில் நிலையத்தில் இந்தியர் ஒருவரை அடித்துப் போட்டிருந்தார்கள்.

"கிளம்பிடலாமா?" என்றார் கணவர், மெதுவாக.

"தனியாகப் போகவேண்டாம்," என்ற அந்த அம்மாள், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து என் கையைக் கோத்துக்கொண்டார். ரயில் நிலையம்வரை அந்த இளைஞர்கள் பின்னாலேயே வந்தார்கள். நாங்கள் ரயில் ஏறும்வரை அவர் என் கையை விடவில்லை.

ரயில் நகர்ந்தபோது, அந்த அம்மாள் அந்த நால்வரையும் தாண்டித் தனியாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தார். மறுநாள் உணவகத்துக்குத் தொலைபேசி செய்து அவர் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏதென்ஸில் எல்லாம் பார்த்தோம். எதுவும் இவ்வளவு தெளிவாக நினைவில் இல்லை.