அடக்கி வைத்ததால் வந்த காய்ச்சல்

குற்றாலத்தில் சீசன் கடை போடுகிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த காய்ச்சல் அது. நேந்திரங்காய் சிப்ஸ் அடுப்பைப் பற்றவைத்தால் இருட்டும்வரை கடையை விட்டு நகர முடியாது. கூட்டம் உள்ள நாளில் கட்டணக் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம். வந்தாலும் அடக்கிக்கொள்வோம். அப்புறம் நீர்க்கடுப்பு, குளிர், காய்ச்சல்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. கூடவே இடது விலாவுக்குக் கீழே வலி. பக்கத்துக் கடை அக்கா சிரித்தாள். "நம்ம சீசன் காய்ச்சல்தாம்ட்டி. மாத்திரை வாங்குனா எனக்கும் ரெண்டு குடு."

தென்காசி டாக்டர் என் முகத்தைப் பார்க்குமுன்பே கேட்டார். "குற்றாலத்துல கடையா?"

ஆமாம் என்றேன்.

"அடக்கி வைக்காதீங்கன்னா கேக்க மாட்டீங்க. கிட்னியில இன்ஃபெக்ஷன்."

மாத்திரை தின்றேன். காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது. திரும்பவும் அதே திட்டு, அதே மாத்திரை. ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. சூடு என்றார் என் வீட்டுக்காரர். "ஏட்டி, தண்ணியக் குடின்னா குடிக்கியா நீ?" சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. மாத்திரை தின்றுகொண்டே கொடுத்தால் அப்படித்தான் வரும் என்று அதையும் ஒதுக்கிவிட்டார் டாக்டர்.

சீசன் முடிந்து கடையைப் பிரித்தோம். ஐப்பசி மழையில் வீட்டிலேயே கிடந்தேன். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். அப்போதும் காய்ச்சல் வந்தது, சிவப்பாகவும் போனது.

மறுபடி போனதும் டாக்டர் பழைய பாட்டை ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

"கடையப் பிரிச்சு ரெண்டு மாசமாச்சு சார். கக்கூஸுக்குப் பக்கத்துலதான் படுத்துக் கிடக்கேன். இப்ப எத அடக்குனேன்னு வந்துச்சு? சொல்லுங்க."

வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். டாக்டர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனில், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திருநெல்வேலியில் கேமரா விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்று. குழாயோடு அந்தச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

"சீசன் நேரத்துலயே பாத்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் வைத்தார். "வேற எங்கயும் பரவலம்மா. அத நினைச்சு மனசத் தேத்திக்கோங்க."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை. எப்போது வந்து படுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தேன்.