ஒரு கரண்டி தீர்த்தம்

குழாயில் முதலில் காற்றுதான் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே மாரிசெல்வி குடத்தை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "வந்துட்டு தாயே!" தாராவியில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் தினமும்தான் வருகிறது. தினமும் நன்றி சொல்லும் ஆள் அவள் ஒருத்திதான்.

முதல் குடம் மாரியம்மன் படத்துக்கு முன்னால் போகும். அதில் ஒரு செம்பு மொண்டு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் புருஷன் நயினாரிடம் வருவாள். பட்டறையில் பைகளுக்குத் தோல் வெட்டிய அவருடைய வலது கை, பக்கவாதம் வந்த நாளிலிருந்து மூன்று வருடமாக மடியில் கிடக்கிறது. மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் ஒரு கரண்டி தீர்த்தம் ஊற்றுவாள். அது விரலிடுக்கில் ஒழுகி, கீழே பிடித்த துண்டை நனைக்கும்.

எதிர் அறையில் இருக்கும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "இடது கையில வாங்கட்டுமே அக்கா?"

"சாமி தீர்த்தத்த நொட்டாங்கையிலயா? நல்லாருக்கு போங்க! ஒழுகுனா ஒழுகட்டும்."

ஜீன்ஸில் நூல் பிசிறு வெட்டுவதுதான் அவள் பிழைப்பு. மூட்டை வந்தால், "ஆத்தா குடுத்தா." வராவிட்டால், "இன்னிக்கு என் கண்ணுக்கு லீவு குடுத்தா." அவருக்குப் பேச்சு திரும்பியதற்கு நன்றி, சுவரைப் பிடித்து நாலு எட்டு நடப்பதற்கு நன்றி. சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட வரும். ஆனால் போன மழைக்காலத்தில் ஒருநாள் அவள் படத்தோடு சண்டை போட்டதையும் கேட்டிருக்கிறேன். "எத்தன நாளு தாயே? ஒரு வெரலயாவது தரக்கூடாதா?" மறுநாள் காலையிலும் கரண்டியோடு வந்துவிட்டாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நயினார் அலுத்துக்கொண்டார். "விடுட்டி. செத்த கைக்கு எதுக்குத் தீர்த்தம்?"

"செத்துட்டுன்னு யாரு சொன்னா? தூங்குது. மெதுவா, ஆராமா எந்திரிக்கட்டும்." விரல்களைப் பிரித்தாள். ஊற்றினாள். துண்டைப் பிடித்தாள்.

சொட்டவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் நடுங்கிக்கொண்டே ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. உள்ளங்கைக் குழியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது. வாசலில் நின்ற நான் என்னையறியாமல் ஓரடி உள்ளே வைத்துவிட்டேன். நயினார் மூச்சுவிடவும் பயந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரிசெல்வி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.