பீங்கான் கைகள்

1988 செப்டம்பர் 14, புதன்கிழமை, மாலை நான்கு பத்து. மழை விட்டு, தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பினாங்குக்குப் பக்கத்தில் திகாம் பத்துவில் அத்தான் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகை வாசலில் லாரி வந்து நின்றது. வைக்கோல் அடைத்த பெட்டிகளிலிருந்து வெள்ளை வெளேரென்று பீங்கான் கைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். ரப்பர் கையுறை செய்யும் அச்சுகள். மணிக்கட்டோடு அறுத்து வைத்ததுபோல இருந்தன. எண்ணிப் பார்த்தேன்: அறுநூற்று நாற்பது, அதில் உடைந்தவை மூன்று.

“இது சாமி கையா, ஆளு கையாண்ணே?” என்று கேட்ட லாரிக்காரன், பதிலுக்குக் காத்திராமல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அத்தான், என் அக்காவின் கணவர், முப்பது வருடம் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த சேமநிதி முழுவதையும் இதில் போட்டிருந்தார். அவர்களுக்கு வேறு காசும் இல்லை, சொந்த வீடும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெளிநாட்டுக்கு அனுப்ப எது எடுபடும் என்று ஒரு வருடம் அலைந்தார். கொக்கோ விலை இறங்குகிறது என்று விட்டார். பிரம்பு நாற்காலிக்குப் பிரம்பு தூரத்துப் பாலிங் காட்டிலிருந்து வர வேண்டும் என்று அதையும் விட்டார். ரப்பர் பால் மட்டும் வாசலிலேயே இருந்தது. வெளிநாட்டு டாக்டர்களோ ரத்தத்தில் தொற்றும் புது நோய்க்குப் பயந்து கையுறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். “நம்மகிட்ட பால் இருக்கு, அவங்ககிட்ட பயம் இருக்கு. வேற என்ன மச்சான் வேணும்?” என்பார்.

அச்சுக்கும் அப்போது அடிதடி. பெரிய அளவு கிடைக்காமல் சின்ன அளவை வாங்கினார். முதல் கையுறையை அக்காவுக்கு மாட்டிப் பார்த்தார். “பாத்தியா, அளவெடுத்த மாதிரி!”

நான்கு மாதம் எல்லாம் விற்றது. அதற்குள் அதே கணக்கைப் போட்டவர்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் முளைத்துவிட்டார்கள். சரக்கு குவிந்ததும் வாங்குகிறவர்கள் அளவு பார்க்க ஆரம்பித்தார்கள். பினாங்கு ஏஜெண்டு வந்து ஒரு கையுறையில் தன் கையை நுழைத்தார், அது கட்டைவிரலடியில் கிழிந்தது. “அண்ணே, வெள்ளைக்காரன் கை இதுல போகாதுலா.”

வேலை நின்ற பிறகும் அத்தான் தினமும் போய்க் கொட்டகையில் உட்கார்ந்தார். பாலில் முக்குவதற்காகச் சங்கிலியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கிய கைகள் காற்றில் மெல்ல மோதிக்கொள்ளும். “அதுங்க என்னமோ கேக்குதுங்க மச்சான்,” என்றார் ஒருநாள்.

அக்கா என்னைத் தேடி வந்தாள். “தம்பி, அதையெல்லாம் எங்கயாச்சும் கொண்டு போயிடு. மனுசன் சோறே திங்க மாட்டேங்கிறாரு.”

வாங்க ஆளில்லை. அச்சுகளை மறுபடி பெட்டியில் அடைத்து, புதைத்துவிடலாம் என்று மாதா கோயில் கல்லறையில் குழி வெட்டுகிற இருவரை அழைத்து வந்தேன். பெட்டியைத் திறந்ததும் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். “இது பொணக்குழிதான் சார். டபுள் குடுங்க.” கொடுத்தேன். மண் விழ விழ, உள்ளே விரல்கள் முறிகிற சத்தம் கேட்டது.

இப்போது கிளினிக்கில் ரத்தம் எடுக்க வரும் தாதி கையுறையை மாட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஊசிக்குப் பயம் என்று நினைத்துச் சிரிக்கிறாள்.

சேமநிதியில் ஒன்றும் மிஞ்சவில்லை. என் பங்குக்குக் குழிக்கூலி, லாரி, கொட்டகையின் பாக்கி வாடகை, ஐம்பது வயதில் அக்கா மறுபடியும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போக வாங்கிக் கொடுத்த பழைய சைக்கிள், எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு.