வினோதாவின் கண்ணாடித் தொட்டியில் மிதந்து வந்த பச்சை மிளகாய்

என் தங்கை வினோதா இதுவரை ஜெயித்தவை: அம்மை போட்ட உடம்போடு எழுதிய பத்தாம் வகுப்புக் கணக்கில் நூறு. சொந்தக்காரர்கள் வேண்டாம் என்ற மெக்கானிக்கல் படிப்பில் பட்டம். ஆரம்பாக்கத்தில் காலை ரயிலில் ஜன்னல் சீட்டு, அதுவும் திங்கட்கிழமையில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், நான் ஸ்டோர் பார்க்கும் அதே பட்டறையில், டிசைனர் வேலை.

அதற்குப் பிறகு, கடைசியாக ஜெயித்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கல்லூரிக்குத் தண்ணீர்ச் சுழலை ஆராயும் கருவி வேண்டியிருந்தது. நீளமான கண்ணாடித் தொட்டியில் பம்ப் தள்ளும் தண்ணீர் ஓடி, நடுவில் நிற்கும் கம்பியில் மோதிச் சுழல வேண்டும். கம்பியைத் தொடும்வரை மட்டும் அது அலுங்காமல் வர வேண்டும். இல்லாவிட்டால் எந்தச் சுழல் கம்பியால் வந்தது என்று தெரியாது.

"மொதல்ல அடக்கி வச்சி, அப்பால கலாட்டா பண்ண வுடறதுக்கா இம்மாம் படிச்ச?" என்றாள் அம்மா.

அடக்குவதற்கு வினோதா கண்ட வழி, ஜூஸ் கடை ஸ்ட்ரா. ஆயிரக்கணக்கான ஸ்ட்ராக்களை நெருக்கி அடுக்கி, அவற்றின் வழியே தண்ணீரை விட்டாள். நசுங்கியதை எல்லாம் நான் கழித்துக் கொடுத்தேன். ஸ்ட்ராவைத் தாண்டினால் மூடி போட்ட தகரக் கூம்பு, அதைத் தாண்டினால் கண்ணாடி.

வரைபடத்தில் 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தை முதலாளி காலியாக விடச் சொல்லிவிட்டார். கல்லூரி மேடம் ஏற்றுக்கொண்டால் வினோதா கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

ஹெலன் மேடம் வந்தார். நீல மையை ஊசியால் தண்ணீரில் விட்டார்கள். நேர்கோடாகப் போக வேண்டிய மை, கம்பிக்கு முன்பே குடிகாரர் நடை நடந்தது. மறுபடி விட்டாலும் அதே நடைதான்.

"சாரி வினோதா. இதை நான் எடுத்துக்க முடியாது."

மேடம் பையை எடுத்தபோது கண்ணாடிக்குள் ஒரு பச்சை மிளகாய் வந்தது. கம்பியில் முட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, நிதானமாகப் போய்விட்டது.

"இது உங்க டிசைன்ல இருக்கா?"

"இல்ல மேடம்" என்ற வினோதா, ஃபிட்டர் பச்சையப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, உள்ள இன்னா பண்ண?"

"அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் மொளகா கோத்துக் கூம்புக்குள்ள கட்னேன் பாப்பா. கண்ணாடித் தொட்டி, போறவன் வர்றவன் எல்லாம் பாத்துக்கினு போறான். கண்ணு படாதா?"

"வெளில கட்டக் கூடாதா?"

"காலேஜ் மேடம் வர்றாங்கோ, பாக்க நல்லா இருக்காதுன்னுதான் உள்ள கட்னேன்."

நான் மேடம் முகத்தைப் பார்க்கவில்லை. வினோதாதான் கேட்டாள்: "மேடம், அதக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவ பாருங்க."

மூடியைத் திறந்தார்கள். பழம் அழுகி, நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சையப்பன் அதை எடுத்துவிட்டு, புதுச் சரம் ஒன்றைப் பம்புக்கு வெளியே, மேடத்துக்கு நேர் எதிரே கட்டினார். யாரும் தடுக்கவில்லை.

இந்த முறை நீல மை நூல் பிடித்தது போலக் கம்பிவரை வந்தது. கம்பியைத் தாண்டியதும் இடம் வலமாகச் சுழன்று சடை பின்னிக்கொண்டே போனது. மேடம் பையைக் கீழே வைத்தார். அவருக்கு வைத்த டீயில் ஆடை படிந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போடுங்க வினோதா, கையெழுத்து" என்றார் நிமிராமல்.

என் தங்கை தான் வரைந்த படத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது 2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை.