வாசற்படியில் நின்றவள்

அன்னம்மாள் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தைத் திருக்குடும்பம் என்றுதான் எங்கள் தெருவே நம்பியது. தாடிக்காரக் கிழவர், முக்காடு போட்ட இளம்பெண், அவள் கையைப் பிடித்த சிறு பையன். வெள்ளைக்காரச் சாமியார் ஊரை விட்டுப் போனபோது கோயில் பெருக்கியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய அச்சுப் படங்களில் அது ஒன்று. சூசையப்பரும் மாதாவும் குழந்தையோடு எகிப்துக்கு ஓடுகிறார்கள் என்பாள் அன்னம்மாள். பின்னால் வாசற்படியில் நின்று பார்க்கிற பெண் யாரென்று கேட்டால், "பக்கத்து வூட்டுக்காரியா இருக்கும்" என்பாள். தினமும் பூ வைப்பாள்.

1971 கோடையில் செபம் சொல்ல வந்த புது உபதேசியார் அதை உற்றுப் பார்த்தார்.

"கழுதை எங்கம்மா? மாதா கழுதை மேலதானே போனாங்க? இது பைபிள்ல வர்ற வேலைக்காரி ஆகார். புள்ள இல்லாத சாராள் தானே இவளப் புருசனுக்குக் குடுத்தா. அப்புறம் தனக்கே புள்ள பொறந்ததும் இவளையும் இவ புள்ளையையும் தொரத்திட்டா. வாசப்படியில நிக்கிறாளே, அவதான் சாராள்."

அன்னம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்த மனிதருக்கு எங்கள் தெருக் கதை தெரியாது.

அவளுக்கும் வெகுகாலம் பிள்ளை இல்லை. கூரத்திலிருந்து சித்தி மகள் காந்தாவைத் தானே கூட்டிவந்து புருஷன் தர்மனுக்குக் கட்டிவைத்தாள். கோயிலுக்குத் தெரியாது; வீட்டோடு ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். காந்தா இளங்கோவனைப் பெற்றாள். பையனைத் தூக்கி வளர்த்தது அன்னம்மாள்; அவள் பக்கத்தில்தான் தூங்குவான். பிறகு அவளுக்கே ஒரு பையன் பிறந்தான். அதுவரை மறந்துபோயிருந்த வேதச் சட்டமெல்லாம் அன்றைக்கு நினைவுக்கு வந்துவிட்டது அம்மாளுக்கு. இரண்டு பெண்டாட்டி உள்ள வீட்டுக்குச் சாமியார் பூசையில் நன்மை அப்பம் கொடுக்கமாட்டார் என்று தெருவே கேட்கக் கத்தினாள். காந்தா நாலு வயசுப் பையனோடு வெளியே போனாள். கூரத்து உறவும் அவளைச் சேர்க்கவில்லை. தர்மன் வாயில் கொழுக்கட்டையோடு நின்றான். செத்துப்போன ஆள்தான், ஆனாலும் அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

உபதேசியார் வந்துபோனதிலிருந்து அன்னம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. பட்டுநூல் சுற்றும்போது இழை இழையாக அறுத்தாள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

"திருப்பினாலும் அவ நிக்கிறா. என் மூஞ்சிதான் அவளுக்கு" என்றாள்.

எதிர்வீட்டுக்காரி நான், போய்ப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த முகம் கடுகளவுதான். அதில் யார் சாடை தெரியும்? ஆனால் அவள் பயந்தது நிஜம். சொந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவே கால் கூசி, பின்பக்கமாகவே போய்வர ஆரம்பித்தாள்.

காந்தா ஐயம்பேட்டையில் இருப்பதாகத் தறிக்காரர் ஒருவர் சொன்னார். அவள் வாயால் ஒரு மன்னிப்பு, அந்தப் பையன் வாயால் ஒருதரம் பெரிம்மா என்ற சொல், அது போதும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"வாக்கா" என்றாள் காந்தா. காலில் விழப்போனவளைத் தூக்கி நிறுத்தினாள். "அதெல்லாம் எப்பவோ மன்னிச்சிட்டேன்கா."

"அப்ப புள்ளைய ஒருதரம் பாத்துட்டுப் போறேன்மா."

காந்தாவின் முகம் மாறியது.

"உன்னக் கேட்டு அழுதுக்கினே இருந்தான்கா. தொரத்திட்டாங்கனு எப்படிச் சொல்றது? செத்துட்டாங்கனு சொல்லிட்டேன். பெரிம்மா உன் மேல உசிரா இருந்தாங்கனு சொல்லித்தான் வளத்தேன். கல்லறைத் திருநாளுக்கு உன் பேர்ல அவன்தான் மெழுகுவத்தி ஏத்தறான்."

வெளியே சைக்கிள் நின்றது. மீசை முளைத்த இளங்கோவன் உள்ளே வந்தான்.

"யாரும்மா இவங்க?"

அக்காவே சொல்லட்டும் என்று காந்தா விட்டுவிட்டாள்.

"வழி தப்பி வந்துட்டோம்பா. தண்ணி கேட்டோம்" என்றாள் அன்னம்மாள்.

நல்ல பிள்ளை. பஸ் வரும் இடம்வரை எங்களோடு நடந்துவந்தான். ஏறப்போகும்போது, "உங்க பேரு என்னாமா?" என்று சும்மா கேட்டான்.

அன்னம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"லோகாம்பாள்" என்று என் பேரைச் சொன்னாள்.