பேய் திக்கிய மத்தியானம்

கருவாட்டு வாடையும் பழுப்பேறிய காகிதத்தின் வாடையும் கலந்து மூக்கில் ஏறினால், இன்றும் எனக்கு முதலில் கேட்பது அக்காவின் குரல்தான். கோவளத்தில் மே மாதத்து மத்தியானங்களில் "கரண்ட்டு பூட்ச்சி" என்று தெருவே கத்தியதும், வலைகள் போட்டுவைக்கும் கொட்டகையின் நிழலுக்குப் பிள்ளைகள் நாங்கள் ஓடிவிடுவோம். என் அக்கா ஜெனிட்டா, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய, அட்டை கிழிந்த பேய்க்கதைப் புத்தகத்தோடு நடுவில் வந்து உட்காருவாள்.

அவள் படித்தால் எந்தப் பேயும் பயமுறுத்தாது. சமாதியிலிருந்து எழுந்த ஜமீன்தார் பேய் "இன்னாபா, நாஸ்தா ரெடியா கீதா?" என்று கேட்கும், வெள்ளைச் சேலைக்காரி பாழடைந்த பங்களாவின் ஒட்டடையைப் பார்த்து "இந்த வூட்ட எவன் பெருக்குறது?" என்று சலித்துக்கொள்வாள். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவள் நான்தான்.

எனக்குப் பேச்சு திக்கும். அதிலும் 'பியூலா' என்ற என் பெயர் வரவே வராது. ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர இருந்த அந்தக் கோடையில், தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் வாளியை டீச்சராக நினைத்து, தொடையில் விரலால் தட்டித் தட்டிப் பெயரைச் சொல்லிப் பழகினேன். இது அக்காவுக்கு மட்டும் தெரியும்; நானேதான் சொன்னேன். "யாராண்டயும் சொல்ல மாட்டேன்டி" என்று என் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தாள்.

விடுமுறை முடியும் சமயத்தில் ஒரு மோகினிக் கதை படித்தாள். காவல்காரன் "யாரும்மா நீ?" என்கிறான். அக்கா புத்தகத்தைக் கீழே கவிழ்த்துவிட்டு எழுந்து, எதிரே ஒரு வாளி இருப்பதுபோல் குனிந்து, தொடையில் விரலால் தட்டியபடி, "எ… என் பேரு மோ… மோ… மோ…" என்றாள். கொட்டகையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டு அந்தோணி "டேய், இது நம்ம பியூலாடா!" என்று கத்தி, எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பிய பிறகுதான் என் சிரிப்பு நின்றது. எழுந்து நடந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்த 'மோ'வையும் சொன்னாள்.

வீட்டில் நடந்ததைக் கேட்ட அம்மா, "சிரிக்கிறதுக்கு சொன்னதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள். "உன் பேரயா சொன்னேன்? மோகினினுதானே சொன்னேன்" என்றாள் அக்கா. அவள் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். புத்தகத்தில் மோகினி தன் பெயரை ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லியிருந்தாள்.

பள்ளி திறந்த அன்று டீச்சர் என் பெயரைக் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள், அதே வகுப்பில் சேர்ந்திருந்த அந்தோணி பின் பெஞ்சிலிருந்து "மோ… மோ…" என்றான். அந்த வருடம் முழுக்க வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது சிறுசேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். திக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, அந்த மத்தியானத்தைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். "நானா? நெனப்பே இல்லடி" என்றாள், உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். ஞாயிறுதோறும் போன் செய்து, வீட்டுக்காரரின் கோபம், மாமியாரின் பேச்சு எல்லாவற்றையும் என்னிடம் கொட்டித் தீர்ப்பாள். நான் வெயிலைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் சொல்வேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்வதில்லை என்பதை அவள் இன்றுவரை கவனிக்கவில்லை.